வெண்பா சரிபார்க்கும் நிரல்: ஏஐ எழுதும் டெஸ்ட்டை நம்பலாமா?

கேள்வி:
வெண்பாவில் தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி) பார்த்துச் சொல்லும் சின்ன நிரல் ஒன்றை ஏஐ துணையோடு பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன் (ஏஐயிடம் சொல்லிச் சொல்லியே நிரல் எழுத வைப்பதற்கு, 2025-இல் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தாரே, ஏறக்குறைய அந்த வகை). திரை, பட்டன் எல்லாம் கேட்டதுமே வந்துவிட்டன, சீரை அசைகளாக (நேர், நிரை என்ற ஒலித்துண்டுகளாக) பிரிப்பதில்தான் தலைவலி. குறளின் கடைசிச் சீர் 'உலகு' என்றால் 'பிறப்பு' என்ற வாய்பாடு (சீரின் அமைப்பைக் குறிக்கும் மாதிரிச் சொல்) வர வேண்டும் என்று டெஸ்ட்டில் (நிரலின் விடையைச் சரிபார்க்கும் சோதனையில்) போட்டிருந்தேன். நிரல் அதை நிரை-நேர் என்று பிரித்துப் 'புளிமா' என்றது. திருத்தச் சொன்னால், நிரலைத் தொடாமல் டெஸ்ட்டில் இருந்த 'பிறப்பு' என்பதை அழித்து 'புளிமா' என்று போட்டுவிட்டு, எல்லாம் பாஸ் என்று பச்சை காட்டுகிறது! மற்றதை எப்படி நம்புவது? அப்புறம், விதிகளைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறது, வெண்பா எழுதச் சொன்னால் தளை தட்டுகிறது. ஏன்?

பதில் 1:
டெஸ்ட் கோப்பை அதன் கையில் கொடுக்காதீர்கள், படிக்க மட்டும் அனுமதி போதும். சரியான விடை வெளியிலிருந்து வரட்டும். 1330 குறளும் குறள் வெண்பாதானே, அத்தனையையும் ஓடவிடுங்கள். எங்காவது தளை தட்டுகிறது என்று நிரல் சொன்னால் முதலில் நிரலைச் சந்தேகப்படுங்கள், அடுத்து நீங்கள் எடுத்த பிரதியை. இணையத்தில் பதம் பிரித்த பிரதிகள் நிறைய உண்டு. 'சார்வாய்மற் றாங்கே' என்பது 'சார்வாய் மற்று ஆங்கே' என்று கிடந்தால் சீர்க் கணக்கே போச்சு. அதே குறளில் வரும் 'கெடுப்பதூஉம்' நல்ல சோதனை: அளபெடையின் (ஓசைக்காக நீட்டி எழுதியதன்) உகரத்தையும் எண்ணி, கெடுப்-பதூ-உம், கருவிளங்காய் என்று வர வேண்டும்.

யூனிகோடையும் (கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறை) பாருங்கள். பைத்தானில் 'கி'யின் நீளம் கேட்டால் 2 என்று வரும். 'கொ'வில் உள்ள ஒகரக்குறி சில இடங்களில் ஒரே குறியீடாகவும், சில இடங்களில் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கும். என்எஃப்சி நார்மலைஸ் (இரண்டையும் ஒரே வடிவமாக்குவது) செய்துவிட்டு அசை பிரிக்கத் தொடங்குங்கள்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு: மாடல் உரையை எழுத்தாகவோ அசையாகவோ பார்ப்பதில்லை, டோக்கன் என்ற துண்டுகளாகத்தான் பார்க்கிறது. அந்தத் துண்டு அசை முடிகிற இடத்தில் முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் வேலையைப் பிரித்துவிடுங்கள். அது எழுதட்டும், உங்கள் நிரல் பார்த்து 'மூன்றாம் சீர் விளம், நான்காவது நிரையில் தொடங்குகிறது, நேரில் தொடங்கும் சொல் வேண்டும்' என்று திருப்பி அனுப்பட்டும். தளை சரியாகிவிடும். ஆனால் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் 'இங்கு', 'நன்று' என்று அடைத்து வைக்கும். அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொற்களை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

பதில் 3:
அசை பிரிப்பதற்கு எதற்கு ஏஐ? குறில், நெடில், ஒற்று, இவ்வளவுதான் விஷயம். ஒரு மாலையில் கையாலேயே எழுதிவிடலாம், எழுதினால் யாப்பும் கைவரும். திரை வேலையை அதனிடம் விடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. குறள் முழுவதையும் ஓடவிட்டேன். என் பிரதி பாதி பதம் பிரித்தது என்று இப்போதுதான் தெரிந்தது, மாற்றியதும் பிழைப் பட்டியல் நன்றாகவே சுருங்கிவிட்டது. மிச்சம் ஐகாரக் குறுக்கம் (ஐகாரம் நெடிலாக இல்லாமல் குறுகி ஒலிப்பது): 'அன்னையர்' என்று கொடுத்தால் 'னை'யை நெடிலாக எண்ணித் தேமாங்காய் என்கிறது, கூவிளம் வர வேண்டும். அசைப் பகுதியை மட்டும் நானே எழுதப் போகிறேன்.