‘ஸ்டேட்டிக்’ என்பதற்கு ‘வகுப்புசார்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘வகுப்பு’ (கிளாஸ்) என்பது வார்ப்புரு, அதிலிருந்து உருவாக்கும் ஒவ்வொன்றும் ‘பொருள்’ (ஆப்ஜெக்ட்). அதில் வரும் ‘ஸ்டேட்டிக்’ (static) என்னும் சொல்லை ‘நிலையான’ என்று பெயர்ப்பதைக் கைவிட்டு, ‘வகுப்புசார்’ என வழங்கலாம் என்று முன்மொழிகிறேன்.

சி என்னும் நிரல்மொழியில் அச்சொல்லின் முதன்மையான பயன்பாடு நினைவகம் பற்றியது: நிரல் ஓடி முடியும்வரை மாறிக்கு (மதிப்பைத் தாங்கும் பெயருக்கு) ஒதுக்கிய இடம் நீடிக்கும், அதிலுள்ள மதிப்போ எத்தனை முறையும் மாறலாம். அதன் வழிவந்த சி++ அச்சொல்லையே வகுப்பின் உறுப்புகளுக்கும், அதாவது மதிப்பைத் தாங்கும் பண்புகளுக்கும் பணியைச் செய்யும் செயற்கூறுகளுக்கும், எடுத்துக்கொண்டது. ஜாவா, பிஎச்பி ஆகிய நிரல்மொழிகளிலும் அதுவே நிலைபெற்றது. ‘நிலையான பண்பு’ என்று படிக்கும் மாணவர் அதை மாறிலி, அதாவது மாறாத மதிப்பு, என்றே கொள்வார்.

‘வாசகர்’ என்றொரு வகுப்பையும், அதில் ‘எண்ணிக்கை’ என்னும் வகுப்புசார் பண்பையும் எண்ணிப்பாருங்கள். ஒவ்வொரு பொருளை உருவாக்கும்போதும் ஆக்கி (பொருள் உருவாகையில் தானே இயங்கும் செயற்கூறு) அப்பண்பின் மதிப்பில் ஒன்றைக் கூட்டினால், மூன்றாம் வாசகர் உருவானதும் மூவருக்கும் தெரிவது 3 என்னும் ஒரே மதிப்பு. ஏனெனில் அப்பண்பு வாசகர் எவரிடமும் இல்லை, வகுப்பிடம் இருக்கிறது. வழக்கமான பிஎச்பி தளத்தில் அந்த 3, பக்கக் கோரிக்கை முடிந்தவுடன் அழிந்து, அடுத்த கோரிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஜாவா வழங்கியிலோ (சர்வர்) அது கோரிக்கைகளைத் தாண்டியும் நீடிப்பதோடு, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாகிவிடும். உள்நுழைந்தவரின் பெயரை அப்படியொரு பண்பில் வைத்தால் ஒருவர் பெயர் மற்றொருவர் திரையில் தோன்றும். இவ்வளவு வேறுபட்ட ஆயுளை உடைய ஒன்றை ‘நிலையான’ என்பது எப்படிப் பொருந்தும்?

செயற்கூறுக்கும் இதே விளக்கம் செல்லும். வகுப்புசார் செயற்கூறு எந்தப் பொருளின் வழியும் இயங்காததால், அதனுள் ‘இந்தப் பொருள்’ என்று சுட்ட எதுவும் இல்லை. மற்றவற்றைப் ‘பொருள்சார்’ என்றால் இணை நன்கு அமைகிறது. ‘பொதுப் பண்பு’ என்னும் மாற்று எளிமையானதுதான். ஆயினும் அணுகல் வரம்பைக் குறிக்கும் ‘பப்ளிக்’ என்பதற்குப் ‘பொது’ தேவைப்படுகிறது, ‘பப்ளிக்’, ‘ஸ்டேட்டிக்’ இரண்டும் ஒரே வரியில் அடிக்கடி சேர்ந்து வருபவை. ‘வகுப்புவாரி’ அரசியல் வரலாற்றில் ஊறிய சொல்லாதலால் அதைத் தவிர்ப்பதே நன்று.

வகுப்புசார் உறுப்புகளை அழைக்கும் இரட்டை முக்காற்புள்ளிக்குப் (::) பிஎச்பியை வளர்த்த இஸ்ரேலிய நிரலாளர்கள் ‘பாமாயிம் நெக்குடோத்தாயிம்’ என்று தம் எபிரேயத்திலேயே பெயரிட்டார்கள். அது உலகெங்கும் பிழைச்செய்திகளில் வந்துகொண்டிருந்தது. தம் மொழிச் சொல்லைத் தயங்காமல் இட்ட அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

எஞ்சியிருப்பது, 2009இல் பிஎச்பி 5.3 கொண்டுவந்த ‘லேட் ஸ்டேட்டிக் பைண்டிங்’. செயற்கூறு எழுதப்பட்ட தாய் வகுப்பை விட்டு, அழைக்கப்பட்ட சேய் வகுப்பைச் சுட்டும் வசதி அது. ‘பின்னிணைப்பு’ என்றால் நூலின் கடைசிப் பக்கங்களே நினைவுக்கு வரும். ‘அழைப்புவழிப் பிணைப்பு’ என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தாய் வகுப்பின் உறுப்புகளைச் சேய் வகுப்பு பெறும் மரபுரிமம் பற்றிய சொற்களோடு இது ஒத்துப்போகுமா என்று பாடநூல் எழுதிய பட்டறிவுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்