மீனெண்ணெய்க் குளிசை விழுங்கியும் வைட்டமின் டி 14 தானா?

குடைக்காரி, மல்லாவி:
எனக்கு லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். அதற்கு ஆறு வருடமாக ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற மருந்து எடுக்கிறேன். வெயில் பட்டால் கன்னம் சிவந்து மூட்டெல்லாம் நோகும். அதனால் வயலில் களை பிடுங்கப் போனாலும் முழுக்கைச் சட்டையும் குடையுந்தான். என் பட்டப் பெயரும் அங்கே கிடைத்ததுதான். கனடாவில் இருக்கும் தங்கை மீனெண்ணெய்க் குளிசை அனுப்பினாள். நாளுக்கு ஒன்று விழுங்கி இரண்டு போத்தல் முடித்தேன். போன கிழமை வவுனியாவில் இரத்தம் கொடுத்துப் பார்த்தால், வைட்டமின் டி மில்லிலீற்றருக்கு 14 நனோகிராம். 20க்குக் கீழே என்றால் பற்றாக்குறையாம். குளிசை போலியா?

மருந்துக்கடைக்காரர்:
போலியாக இருக்காது, அக்கா. போத்தலில் 'கொட் ஈரல் எண்ணெய்' என்று இருக்கிறதா, வெறும் மீனெண்ணெய் என்று இருக்கிறதா? வைட்டமின் டி கொட் என்ற மீனின் ஈரல் எண்ணெயில்தான் நிறைய உண்டு. சாதாரண மீனெண்ணெயில் ஒமேகா 3 என்ற கொழுப்பு இருக்கும், டி அநேகமாக இராது. ஈரல் எண்ணெய்க்கு மாறுவதென்றால் வைத்தியரைக் கேட்டு மாறுங்கள். அதில் வைட்டமின் ஏ உம் உண்டு, அளவு மிஞ்சினால் கெடுதி.

வன்னி மைந்தன்:
வன்னியில் இல்லாத வெயிலா? காலையில் அரை மணி நேரம் முற்றத்தில் நில்லுங்கள்.

குடைக்காரி, மல்லாவி:
தம்பி, முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு காலை நின்றேன். பிறகு இரண்டு கிழமை பாயோடு கிடந்தேன். சமைத்துத் தர வருகிறீரா?

கிளிநொச்சி ரீச்சர்:
எனக்கு முடக்குவாதம், மூட்டுகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். மீனெண்ணெய் மூட்டு நோவைக் கொஞ்சம் தணிக்கும் என்பது உண்மை, ஆனால் ஆய்வுகளில் கொடுத்த ஒமேகா 3 நாளுக்கு 3 கிராம் அளவில். வழமையான ஒரு குளிசையில் 300 மில்லிகிராம்தான், கணக்கைப் பாருங்கள். 2022இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது: 25,871 பேர், ஐந்து வருடத்துக்கு மேல். நாளுக்கு 2000 அலகு வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் 22 வீதம் குறைவாக வந்தன. அது நோய் வராமல் தடுப்பது பற்றியது. வந்துவிட்ட நம்மைப் பற்றியதல்ல. ஆனாலும் எலும்புக்காக அந்த 14ஐ ஏற்றத்தான் வேண்டும். அறிக்கையை கிளினிக்கில் காட்டுங்கள். சூடை மீனும் சாப்பிடுங்கள்.

குடைக்காரி, மல்லாவி:
போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். டி என்ற எழுத்தே இல்லை. கிளினிக்கில் வைட்டமின் டி3 குளிசை எழுதித் தந்திருக்கிறார்கள், மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது போத்தல் கப்பலில் வந்துகொண்டிருக்கிறதாம்.