உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வரும் கோடு: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம்.
முக்கோணப் பண்புகள் பற்றிய பயிற்சித்தாள் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நடுக்கோடு, குத்துக்கோடு, கோண இருசமவெட்டி மூன்றும் ஓர் உச்சியில் கிளம்பி எதிர்ப்பக்கத்துக்குப் போகின்றன. இந்த இனத்துக்கே பொதுப்பெயர் சேவியன். இப்படிப்பட்ட மூன்று கோடுகள் எப்போது ஒரே புள்ளியில் சந்திக்கும் என்று சொல்லும் தேற்றத்தை 1678இல் வெளியிட்ட இத்தாலியர் ஜியோவன்னி சேவாவின் பெயரால் வந்தது. தமிழில் 'உச்சிக்கோடு' சரியா?

---
> உச்சிக்கோடு

வேண்டாம் ஐயா. மாணவர்களுக்கு உச்சி என்றால் மேலே இருக்கும் முனைதான். முக்கோணத்தைத் திருப்பி வரைந்தால் "சார், உச்சி கீழே போயிடுச்சே" என்கிறார்கள்.
நான் சொல்வது வகிர்கோடு. வகிர்தல் என்றால் பிளத்தல். தலையில் எடுக்கும் வகிடும் இந்த வேர்தான். திருவாசகத்தில் மாவடு வகிரைக் கண்ணுக்கு உவமை சொல்வார் மணிவாசகர். காம்பில் கத்தி வைத்துக் கீழே இறக்கினால் வடு இரண்டாகிறதே, அதேதான் இங்கும்.

---
சொல் அழகு, கணக்குக்கு ஒத்துவராது. 120, 30, 30 பாகை முக்கோணம் ஒன்றை வரையுங்கள். 30 பாகை உச்சியிலிருந்து குத்துக்கோடு இறக்கினால், எதிர்ப்பக்கத்தை நீட்டினால்தான் அதைத் தொடும். முழுக்க வெளியே கிடக்கும். அது எதை வகிர்கிறது? மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளியும் வெளியேதான். சேவாவின் தேற்றம் அங்கேயும் செல்லும். காரணப்பெயர் வைத்தால் காரணம் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும். பேசாமல் 'சேவாக்கோடு' என்று வையுங்கள்.

---
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் முக்கோணத்தை முக்கோணி, நடுக்கோட்டை இடையம், கர்ணத்தைச் செம்பக்கம் என்று படித்தவர்கள். கர்ணம் என்றால் வடமொழியில் காது. செம்பக்கம் என்றால் செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம் என்று பிள்ளைக்கு உடனே பிடிபடும். ஏற்கெனவே இத்தனை சொல் பிரிந்து கிடக்குது, இன்னொன்றையும் பிரிக்காதீங்கோ. மூன்று மூலைக்கும் உச்சி என்று இரண்டு கரையிலும் எழுதுகிறோம். உச்சிக்கோடே போதும்.

---
> இரண்டு கரையிலும்

இது எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்று பேர் உச்சிக்கோட்டுக்குத் தனிமடலும் போட்டிருக்கிறார்கள். உச்சிக்கோடு என்றே அனுப்புகிறேன், பக்கத்தில் சேவியன் என்றும் ஒருமுறை வரும். நன்றி.

---
அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் படத்தில் அடிப்பக்கத்து உச்சி ஒன்றிலிருந்தும் கோடு போடுங்கள். விரிகோண முக்கோணத்துக்கு 'புறவகிர்' என்று தனியே வைத்தால் அந்த 120 பாகைத் தடையும் தீரும் அல்லவா? நாளை விரிவாக எழுதுகிறேன்.