புதுப்பிப்பு: மாரிக்கு முதல் பூங்கண்டுகளுக்கு என்ன செய்யிற எண்டு கேட்டிருந்தன்தானே

போன மாசம் போட்ட போஸ்ட்ல, மட்டக்களப்பு கல்லடி மணல்ல ரோசா காஞ்சு நிக்கிது, போன மாரியில நித்தியகல்யாணி முழுக்க அழுகிட்டு, இந்தமுறை என்ன செய்யலாம் எண்டு கேட்டன். பதில் சொன்ன எல்லாருக்கும் பெரிய நன்றி.

புரட்டாசி பிறந்த கையோட ரோசாவில காஞ்ச கொப்பெல்லாம் வெட்டி, நல்ல கொப்பையும் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேல சரிவா வெட்டி மாட்டெரு போட்டன், இப்ப செந்துளிர் வந்திருக்கு, பார்க்கவே மனசு நிறையுது! நித்தியகல்யாணிக்கு வேர்ல தண்ணி நிண்டா சரிவராது, அதான் அரையடி மேடு கட்டி அதில மாத்தி நட்டாச்சு. கார்த்திகை மார்கழியில நம்மட பக்கம் கொட்டுற மழைக்கு இது கட்டாயம் வேணும்.

செவ்வரத்தைத் தடி ஆறு வெட்டி ஊண்டினன், நாலு துளிர்த்திட்டு.

மறுகா, செவ்வந்தி (மரிகோல்ட்) விதையை இப்பவே போடாதீங்க எண்டு ஒரு அக்கா சொன்னது சரியான கதை. பூக்க ரெண்டு மாசம் போகும், ஐப்பசிக் கடைசியில சட்டியில போட்டு தாவாரத்துக்குக் கீழ வெச்சா தைப்பொங்கலுக்குப் பூ கிடைக்கும். விதை எடுத்து வெச்சிருக்கன்.

மல்லிகைக்கு இன்னும் கை வைக்கல்ல.