தவக்கால விரதம் பாதில முறிஞ்சிருச்சு, திரும்ப ஆரம்பிக்கலாமா?

அனுப்பானடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரர் தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு, ஈஸ்டர் வரைக்கும் குடிக்க மாட்டேன்னு சொன்னாப்ல. யாரும் கேக்கல, அவரா சொன்னது. வெள்ளிக்கெழம, இயேசு சிலுவை சொமந்து போனத நெலநெலையா நின்னு ஜெபிக்கிற சிலுவைப் பாதைக்கும் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்தாரு, நல்லாத்தான் போச்சு. போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் சொந்தத்துல ஒரு காதுகுத்து, கெடா வெட்டு, மாமன் மச்சினன்மாரு சும்மா விடுவாங்களா, குடிச்சிட்டாப்ல. அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல, மறுநாளும் குடிச்சாரு. கேட்டா "அதான் முறிஞ்சு போச்சுல்ல, இனி எதுக்கு வேசம், அடுத்த வருசம் பாப்போம்"ங்கிறாரு. கோயிலுக்கும் வரல. எங்க மாமியாரு வேற, நேந்துக்கிட்டு முறிச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு புலம்புறாக. மிச்ச நாளுக்குத் திரும்ப ஆரம்பிச்சா அது விரதம்னு கணக்குல வருமா?

கோயில்புள்ள:
தாராளமா வரும்க்கா. திருச்சபை கட்டாயம்னு சொல்றது கொஞ்சந்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேள மட்டும் முழுச் சாப்பாடு, அதுவும் 18 வயசுலருந்து 59 வரைக்கும், அப்புறம் வெள்ளிக்கெழமைல கறி கெடையாது. குடிக்க மாட்டேன்கிறது அவரா எடுத்த முடிவு. கடவுளுக்குன்னு வார்த்தப்பாடு குடுத்தாத்தான் நேர்ச்ச, அப்படியே குடுத்திருந்தாலும் பங்குச்சாமிகிட்டப் பேசிக்கலாம், குடும்பத்துக்கு ஆகாதுங்கிறதெல்லாம் நம்மளா சேத்துக்கிட்டது. சிலுவைப் பாதைக்கு வந்தவருதானே, 14 நிலைல மூணு, ஏழு, ஒம்பதுன்னு இயேசுவே மூணு தடவ கீழ விழுறாரு. அது பாவத்துல விழுந்தது இல்ல, பாரந்தாங்காம விழுந்தது, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா ஏழாவதுல விழுந்துட்டாரு, ஊர்வலம் அம்புட்டுத்தான்னு யாரும் வீட்டுக்குப் போறதில்லல்ல.

வைகைக்கரை:
சாம்பல் புதன்லருந்து எண்ணுனா 46 நாள் வருது, ஆறு ஞாயித்துக்கெழமயக் கழிச்சாத்தான் 40. அப்ப ஞாயிறு மட்டும் லேசா எடுத்துக்கச் சொன்னா மனுசன் முறியாம ஓட்டிருவாருல்ல?

கோயில்புள்ள:
தம்பி, டீக்கும் ரீல்ஸுக்கும் அந்தக் கணக்கு சரி. குடிக்கு வேணாம்ப்பா, ஞாயித்துக்கெழம தொறந்தது திங்கக்கெழம மூடாது.

கருமாத்தூர் பழைய மாணவன்:
அக்கா, "அடுத்த வருசம்"ங்கிறதுதான் எனக்கு இடிக்குது. சேசு சபைச் சாமிமாரு எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது, அந்தச் சபையத் தொடங்குன இஞ்ஞாசியார் சொன்னது இது, மனசு வறண்டு சோந்து கெடக்கிற நேரத்துல, முன்னாடி தெளிவா இருந்தப்ப எடுத்த முடிவ மாத்தாத, ஜெபிக்கப் பிடிக்கலன்னா நேரத்தக் கொறைக்காத, கூடக் கொஞ்சம் இருந்துட்டு எந்திரின்னு. சாம்பல் புதன் அன்னைக்குப் பேசுனவரு வேற, இப்பப் பேசுறது வெக்கமும் சோர்வும். வேசம்னு அவரு நெனைக்கிறதும் அதாலதான். இயேசுவோட சீடர் பேதுருவ எடுத்துக்கங்க, சாவுக்கும் கூட வருவேன்னு சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரியே மூணு தடவ இயேசுவத் தெரியாதுன்னாரு. லூக்கா 22:32ல பாருங்க, அவரு மறுதலிக்கிறதுக்கு முன்னாடியே இயேசு அவருக்காக வேண்டிக்கிட்டேன்னு சொல்லி, நீ திரும்பி வந்ததும் மத்தவங்களத் திடப்படுத்துங்கிறாரு. விழுவான்னும் தெரியும், திரும்பி வருவான்னும் தெரியும். கூப்பிடுறப்ப காதுகுத்து விசயத்த மட்டும் எடுக்காதீக.

ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவ:
நான் சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை, எங்கள்ல தவக்காலத்த லெந்து நாள்னு சொல்லுவோம். ஆஸ்பத்திரில வேல பாக்குறதால ஒண்ணு சொல்றேன், வார்டுல பாக்குறேன்ல. சிஸ்டர், அத்தன வாரம் குடிக்காம இருந்தாருன்னா அவரால முடியும், அதச் சொல்லிப் பாராட்டுங்க. ஆனா வருசக்கணக்கா தெனமும் நெறையக் குடிக்கிற ஆளுக திடீர்னு நிப்பாட்டுனா கை நடுக்கம், தூக்கமில்லாம உளர்றது, சிலருக்கு வலிப்பே வரும், அதப் போயி சோதனை, பிசாசுன்னு வீட்ல வச்சு ஜெபம் மட்டும் பண்ணிக்கிட்டு இருக்கக் கூடாது. அப்படி ஏதும் இருந்தா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குடிய விட நெனைக்கிறவங்க ஒண்ணா கூடுற ஏஏ கூட்டத்துக்குப் போறதும் நல்லது, அங்க இன்னைக்கு ஒரு நாள் மட்டும்னுதான் ஆரம்பிப்பாங்க.

அனுப்பானடிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நடுக்கமெல்லாம் இல்ல சிஸ்டர், விசேசத்துக்கும் சம்பள நாளுக்கும் குடிக்கிற ஆளுதான். மாமியாருகிட்ட நேர்ச்ச விசயத்தச் சொன்னேன், நம்பல, சாமியாரே வந்து சொல்லட்டும்னு நிக்கிறாக. இவரு நேத்து குடிக்காம வந்தாரு, நா ஒண்ணுங்கேக்கல. வெள்ளிக்கெழம வர்றீகளான்னதுக்குக் கடைசில நிப்பேன், முன்னாடி இழுக்காதன்னாரு. சாமியார்கிட்டப் பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்குற பாவசங்கீர்த்தனம் மட்டும் நம்ம பங்குல வேணாமாம், பங்குச்சாமிக்கு இவரு கொரல் தெரியுமாம். கீழவெளி வீதி மரியன்னை கோயில்ல பாவசங்கீர்த்தனம் எந்த நேரம் கேப்பாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?