லூப் சரியாக வரவில்லை, லீடரில் முடிச்சு விழுகிறது. அவசர உதவி

ஓடைக்கரை
வணக்கம். ஃப்ளை காஸ்டிங் (செயற்கைப் பூச்சி கட்டித் தூண்டில் வீசுவது) பழகிக்கொண்டிருக்கிறேன். லூப், அதாவது காற்றில் விரியும் லைனின் U வடிவ வளைவு, ஒழுங்காகவே அமையவில்லை. கொஞ்சம் தூரம் கூட்டினால் போதும், லைன் தன்மேலேயே வந்து விழுகிறது. லைன் முனையில் கட்டும் மெல்லிய லீடர் நரம்பில் குட்டிக் குட்டி முடிச்சுகள். பலம் போட்டு வீசினால் இன்னும் மோசம். ஞாயிறு ஆற்றுக்குப் போகிறேன், அதற்குள் சரி செய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

நீர்வாசம்
எந்த ராட் (கம்பு), எத்தனையாம் நம்பர் லைன் (நம்பர் கூடினால் கனம் கூடும்)? கொஞ்சம் தூரம் என்றால் எத்தனை அடி? முடிச்சு முன்வீச்சிலா, பின்வீச்சிலா? இடது கையால் லைனை இழுத்து ஹால் போடுகிறீர்களா? இவை தெரியாமல் யார் சொன்னாலும் ஊகம்தான்.

தக்கை
லைன்தான் காரணம். இப்போது வரும் ராட்கள் ரொம்ப விறைப்பு. 5ஆம் நம்பர் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். நீங்கள் 20 அடிதான் வெளியே விட்டிருந்தால் அந்த எடைகூட ராடுக்குக் கிடைக்காது, பிறகு எப்படி வளையும்? ஒரு நம்பர் கூட்டி 6 போடுங்கள். எனக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது.

நீர்வாசம்
தக்கை, அவருக்குத் தூரம் கூட்டும்போதுதான் சிக்கல். அப்போது எடை ஏற்கெனவே கூடியிருக்கிறது. இன்னும் கனமான லைன் போட்டால் ராட் இன்னும் வளையும், முடிச்சும் கூடும்.

மேலாறு
மணிக்கட்டைப் பாருங்கள். ராடின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகி வீசுங்கள், மணிக்கட்டு மடங்காது. லூப் தானாகச் சுருங்கும்.

மூத்த வீச்சாளர்
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பொறுமை இல்லாதவருக்கு வீச்சும் வராது. தலைக்கு மேல் ஒரு கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 10 மணியில் நிறுத்தம், பின்னால் 2 மணியில் நிறுத்தம். அவ்வளவுதான். அடிப்படை வராமல் ஆற்றுக்குப் போவது வீண்.

கயல்
சார், மரியாதையோடு மறுக்கிறேன். அந்த 10, 2 கணக்கே தூரம் கூடும்போது முடிச்சு போட வைக்கும். லைன் நீள நீள ராட் அதிகம் வளையும். வளைவு கூடினால் ராட் சுழலும் கோணமும் கூட வேண்டும். 20 அடிக்கும் 50 அடிக்கும் ஒரே கோணம் என்றால் நுனி நேர்கோட்டில் போகாது.

ஓடைக்கரை, லூப்பை வரைவது ராடின் நுனிதான். நுனி நேராகப் போய்ச் சட்டென்று நின்றால் குறுகிய லூப். குடைபோல் வளைந்து போனால் அகன்ற லூப். மேலாறு சொன்ன மணிக்கட்டுக் கோளாறு அந்த வகை. நடுவில் நுனி தாழ்ந்து மறுபடி எழும்பினால், லூப்பின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தை வெட்டிக்கொண்டு இறங்கும். இதைத்தான் டெய்லிங் லூப் என்கிறோம். உங்கள் முடிச்சுகள் அதிலிருந்துதான் வருகின்றன. பலரும் காற்றைத்தான் காரணம் சொல்வார்கள், அதன்மேல் பழி போட வேண்டாம்.

மூத்த வீச்சாளர்
கடிகாரம் கற்றுக்கொள்பவருக்கான அளவுகோல். ஆரம்பத்திலேயே கோணத்தை மாற்று என்றால் குழம்பிவிடுவார். ராட் ஒரு ஸ்பிரிங். அதில் சக்தியை ஏற்றி விடுவிக்கத் தெரிந்தால் மீதி தானாக வரும்.

தக்கை
அதைத்தான் நானும் சொன்னேன். ஸ்பிரிங் வளைய எடை வேண்டும்.

வளைதடி
இந்த ஸ்பிரிங் கதையைக் கொஞ்சம் விடுங்கள். ராடே இல்லாமல் வெறும் கையால் லைனை வீசி அழகான லூப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே எந்த ஸ்பிரிங்? ராட் முதலில் ஒரு நெம்புகோல். கையின் சின்ன அசைவை நுனியில் பெரிதாக்குகிறது. லைனின் வேகத்தில் பெரும்பங்கு அதனால்தான். ஃப்ளை காஸ்டிங் ஆசான் லெஃப்டி க்ரே சொல்லிவந்ததும் இதுதான்: ராட் எவ்வளவு நீளமாக நகர்கிறதோ அவ்வளவு குறைவான உழைப்பு.

மூத்த வீச்சாளர்
வளையாத கம்பால் 60 அடி வீசிக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

வளைதடி
வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விறைப்பான கம்பைச் சுழற்றினால் நுனி வட்டமாகத்தான் போகும். வளைந்தால் ராட் சற்றுக் குட்டையாகி நுனியின் பாதை தட்டையாகும். வளைவின் பெரிய பயன் அது. இன்னொரு வீச்சு ஆசிரியர் ஜோன் வுல்ஃப் தன் பாடத்தில் மெதுவான தொடக்கம், கடைசியில் பவர் ஸ்னாப் (சட்டென்ற வேக வெட்டு) என்று பிரித்திருப்பார். ஆரம்பத்திலேயே குத்தினால் நுனி தாழும். ஓடைக்கரை ‘பலம் போட்டால் மோசம்’ என்றது அதனால்கூட இருக்கலாம்.

நீர்வாசம்
ஸ்பிரிங்கா நெம்புகோலா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமே. கேட்டவரைக் காணோம்.

ஓடைக்கரை
மன்னிக்கவும், வேலை. ராட் 9 அடி. 30 அடிக்குள் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் முன்வீச்சில்தான் முடிச்சு. ஹால் போடத் தெரியாது. பின்வீச்சைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கயல்
அப்படியானால் பின்வீச்சு முடிந்ததும் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். புல்தரையில், கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் கட்டி, ராடைப் படுக்கையாகச் சாய்த்து இடுப்பு உயரத்தில் வீசுங்கள். இரண்டு பக்க லூப்பும் கண்முன்னால் தெரியும். முகத்தைப் பின்னால் திருப்பி, லைன் விரிவதைப் பாருங்கள். அது கிட்டத்தட்ட நேராகும்வரை ராட் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பலருக்கு அந்த ஒரு கணத்தில் கை தன்னை அறியாமல் முன்னே ஊர்ந்துவிடும். நான்கு விரற்கடை ஊர்ந்தாலும் முன்வீச்சுக்குரிய கோணம் பறிபோகும். மிஞ்சிய சின்ன இடத்தில் முழு வீச்சையும் முடிக்க வேண்டுமே என்று கை வெட்டி இழுக்கும். ராட் திடீரென்று ஆழமாக வளைந்து நுனி இறங்கும், லைன் வெட்டிக்கொள்ளும். 30 அடியில் இது தெரியாது. லைன் நீண்டால் காத்திருக்கும் நேரமும் நீள வேண்டும், அப்போதுதான் அவசரம் வெளிப்படும்.

ஊர்வது நின்றபின் எதிர்த்திசைப் பயிற்சி ஒன்று: பின்னால் நிறுத்தியதும், லைன் விரியும் போக்கிலேயே ராடை மெல்லப் பின்னோக்கி மிதக்க விடுங்கள். முன்வீச்சுக்கு இடம் கூடும்.

மூத்த வீச்சாளர்
இதில் எனக்கு மறுப்பில்லை. சாட்டைபோல் ‘படீர்’ என்று சத்தம் வந்தாலும் காத்திருக்கவில்லை என்று பொருள். கேட்டதா தம்பி?

ஓடைக்கரை
படுக்கையாக வீசி ஃபோனில் படம் எடுத்தேன். கை ஊர்கிறது, தெளிவாகத் தெரிகிறது. லைன் விரிவதைப் பார்த்துவிட்டு வீசினால் 40 அடியிலும் முடிச்சு இல்லை. பார்க்காமல் வீசினால் திரும்ப வருகிறது. சத்தம் வந்ததில்லை சார். ஞாயிறு எதிர்காற்று இருக்கும்போல, அதற்கு என்ன செய்வது? எல்லோருக்கும் நன்றி.

கயல்
பின்வீச்சை வழக்கத்தைவிட உயர்த்தி அனுப்புங்கள், முன்வீச்சைத் தாழ்வாக, தண்ணீருக்குச் சற்று மேலே முடியுங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டின் இரண்டு முனைகளாக இருக்க வேண்டும். எதிர்காற்றில் பலத்தைக் கூட்டாதீர்கள், லூப்பைக் குறுக்குங்கள். கண்ணாடி போட மறக்க வேண்டாம். கிளம்பும் முன் லீடரை விரலால் தடவிப் பாருங்கள், பழைய முடிச்சு தட்டுப்பட்டால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள். மீன் இழுத்தால் முதலில் அறுவது அந்த இடம்தான்.