மருத்துவச் செலவைக் கட்டுப்படுத்தினால் தரம் குறைந்துவிடுமா?

மழைமுகில்:
அப்பாவைப் போன மாதம் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தோம், ஒன்பது நாள் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் பில்லை மேசையில் விரித்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரே ரத்தப் பரிசோதனைகள் ஒரே நாளில் மூன்று முறை: அவசரப் பிரிவில், ஐசியுவில், வார்டுக்கு மாற்றியதும் மறுபடியும். முதல் ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் காட்டினேன், "எங்க பக்கம் ஒரு தடவை பார்த்துக்கறோம்" என்றார்கள். அப்பாவைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு செய்கிறார்களோ அவ்வளவு வரவு என்று இருக்கும்வரை இது எப்படி நிற்கும்? அரசு கொள்கையை மாற்றி இதைக் கட்டுப்படுத்த முடியுமா, முடிந்தால் சிகிச்சையிலேயே கைவைத்துவிடுவார்களா? நோயாளியும் ஒரு பங்கு கட்டினால் வீண்செலவு தானாகக் குறையும் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா?

நீலவானம்:
நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் குடும்பங்களை வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்து இதையே சோதித்தது. கைக்காசு கட்ட வேண்டியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் தேவையில்லாததோடு சேர்த்துத் தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவில் விட்டுவிட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதர் எந்தப் பரிசோதனை வீண் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தப் பாரத்தை அவர் தலையில் வைப்பது அநியாயம்.

மாற்ற வேண்டியது மருத்துவமனைக்குப் பணம் போகும் விதத்தை. 1983ல் முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், நோய் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகையை நிர்ணயித்தது. படுக்கை நாட்கள் வேகமாகக் குறைந்தன. அந்த முறையில் மூன்றாவது பரிசோதனை மருத்துவமனைக்கு வரவு இல்லை, செலவு. ஆனால் பாதி தேறியவர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது, உங்கள் பயம் நியாயமானதுதான். 2012லிருந்து, முப்பது நாளுக்குள் திரும்ப வந்து சேர்பவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமானால் மருத்துவமனைக்கு மெடிகேர் தரும் பணத்தில் பிடித்தம் உண்டு, இப்போது 3 சதவீதம் வரை. மேரிலாந்து மாநிலம் இன்னும் ஒரு படி போய், 2014லிருந்து மருத்துவமனைகளுக்கு ஆண்டு மொத்த வருவாயையே முன்கூட்டி நிர்ணயித்துவிட்டது.

இரவுப்பணி:
பதினாறு வருடமாக ஐசியு நர்ஸாக இருக்கிறேன். ஒன்று சொல்லவேண்டும், சில பரிசோதனைகளைச் சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுத்தே ஆகவேண்டும். ட்ரோபோனின் அப்படித்தான், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால்தான் இதயத்தில் என்ன நடக்கிறது என்று புரியும். ஆனால் எச்பிஏ1சி கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, அதை ஒரே நாளில் மறுபடி எடுக்கக் காரணமே இல்லை. பில்லில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

தரமும் செலவும் எதிரெதிர் என்று நினைப்பதுதான் எனக்கு வருத்தம். கழுத்து போன்ற இடங்களில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியாகக் கிருமி போனால் நோயாளி கூடுதலாகப் பல நாள் படுத்திருப்பார், சிலர் பிழைப்பதே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்கள், கை கழுவுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, குழாய் போடும்போது நோயாளியை முழுத் துணியால் போர்த்துவது, தொடையிடுக்கைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது என்ற ஐந்தை மட்டும் கறாராகப் பின்பற்றின. ஒன்று விட்டுப்போனாலும் டாக்டரை நிறுத்தச் சொல்லும் உரிமை நர்ஸுக்கு. ஒன்றரை வருடத்தில் தொற்று விகிதம் 66 சதவீதம் வரை குறைந்தது. 2008 அக்டோபரிலிருந்து இந்தத் தொற்றுக்கு மெடிகேர் கூடுதல் பணம் தருவதில்லை. அதற்கு முன்பு தொற்று வந்தால் பில் ஏறும், யோசித்துப் பாருங்கள்.

நீலவானம், ஒரு விஷயம் விட்டுப்போனது. தொகையைக் கட்டிப்போட்டதும் நிர்வாகம் முதலில் கைவைப்பது ஆட்களின் எண்ணிக்கையில். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு இரவில் இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தவள், பிறகு நான்கு பேரைப் பார்த்தேன். ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று விதியும் கூடவே வரவேண்டும்.

மழைமுகில்:
நன்றி அக்கா, நன்றி நீலவானம். பில்லை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ட்ரோபோனின் மூன்று வரி, சரி. எச்பிஏ1சியும் மூன்று வரி. விளக்கம் கேட்டு நாளைக்கு எழுத்தில் கொடுக்கிறேன். அப்புறம், அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை.